கண்ணுக்குள் ஒரு கடைமடை

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. மேலூர்ப் பக்கம் விவசாயம். போன வருடம் ஒருநாள் கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல் மாதிரி ஏதோ மிதக்கிறது என்றார், மதுரைக்குக் கூட்டிப் போனோம். சொட்டுமருந்து விட்டு, பாவை விரிந்ததும் பார்த்த டாக்டர், விழித்திரையில் புதுசாக ரத்தக்குழாய் முளைத்து அதிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது, லேசர் வைக்க வேண்டும் என்றார்.

"அந்தக் குழாயத்தான சுடுவாக?" என்று வெளியே வந்ததும் கேட்டார் பெரியப்பா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆனால் விஷயம் வேறு. புதுக்குழாயைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. கூர்மையான பார்வைக்கான நடுப்பகுதியை விட்டுவிட்டு, சுற்றியுள்ள ஓரங்களில் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள், ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரைகூட, ஒவ்வொன்றும் சுமார் அரை மில்லிமீட்டர் அகலம். எங்கேயோ சுட்டால் எங்கேயோ இருக்கும் குழாய் ஏன் வாடணும்?

பெரியப்பாவுக்குக் கால்வாயை வைத்துச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது. பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே எங்கள் பக்கம் ஒருபோகம். தலைமடைக்காரர்கள் குடித்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு. விழித்திரையும் இப்படித்தான். அதன் பின்பக்கம் கோராய்டு என்று ஒரு படலம், முழுக்க ரத்தக்குழாய், கரைபுரண்டு ஓடும் கால்வாய். அதை ஒட்டித் தலைமடையில் உட்கார்ந்திருப்பவை ஒளியை உணரும் செல்கள். கோராய்டிலிருந்து வரும் ஆக்சிஜனைக் கிட்டத்தட்ட மொத்தமாக இவையே குடித்துவிடும், விழித்திரையின் உள்ளடுக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம்தான். உள்ளடுக்குக்கென்று தனியாகக் கிணறு உண்டு, அதுதான் விழித்திரையின் சொந்த ரத்தக்குழாய்கள். பல வருடச் சர்க்கரை தூர்த்துவிடுவது அந்தக் கிணறுகளைத்தான்.

இந்தத் தலைமடைச் செல்களின் பசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எனக்கு இதில் மிகப் பிடித்த இடமே அதுதான். வெளிச்சத்தில்தான் அவை வேலை செய்யும், இருட்டில் ஓய்வெடுக்கும் என்றுதானே தோன்றும்? நேர் தலைகீழ். இவற்றில் மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். இருட்டில் அவற்றின் சவ்வில் வாசல்கள் திறந்தே கிடக்கும், சோடியம் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும், அதை வெளியே இறைத்துத் தள்ள செல் ராத்திரி முழுக்க மோட்டார் போட்ட மாதிரி ஓடும். ஒளி பட்டால்தான் வாசல் மூடும், செலவு குறையும். ஒரு கண்ணில் இப்படி சுமார் 12 கோடி குச்சி செல்கள். நாம் கண்ணை மூடித் தூங்கும்போது அவை ஆக்சிஜனை அள்ளி அள்ளிக் குடிக்கின்றன.

சரி, கிணறு வற்றிய உள்ளடுக்கு என்ன செய்யும்? மூச்சுத் திணறும் செல்கள் வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். 'குழாய் போடுங்கள்' என்ற கூப்பாடு அது. குழாயும் முளைக்கும், ஆனால் அவசரத்தில் போட்ட குழாய், தொட்டால் ஒழுகும். பெரியப்பா கண்ணில் மிதந்த நூல் அப்படிக் கசிந்த ரத்தம்தான்.

லேசரின் பச்சை ஒளி விழித்திரையைக் கடந்து, அடியில் இருக்கும் கருநிறமிச் செல்களில் உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது, அந்தச் சூட்டில் மேலே ஒட்டியிருக்கும் ஒளியுணர் செல்கள் சாகின்றன. அந்த இடம் தழும்பாகும், தழும்புக்குப் பசி குறைவு. தலைமடையில் அங்கங்கே சில வயலைத் தரிசாகப் போட்ட மாதிரி. இப்போது கோராய்டின் ஆக்சிஜன் அந்தத் தரிசு வழியாக உள்ளடுக்குக்கு ஊறுகிறது. கூப்பாடு அடங்குகிறது, வாரக்கணக்கில் புதுக்குழாய்கள் சுருங்குகின்றன. 1981இலேயே ஐஸ்லாந்துக்காரரான எய்நார் ஸ்டெஃபான்சனும் கூட்டாளிகளும் இந்த ஆக்சிஜன் கணக்கை எழுதிவிட்டார்கள். விலங்குகளின் கண்ணில் நுண்ணிய மின்முனை வைத்து அளந்தபோதும், சுட்ட இடத்துக்கு முன்னால் ஆக்சிஜன் கூடுதலாகவே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வைத்தியம் முதலில் வந்தது, காரணம் பின்னால்தான் வந்தது. 1945 சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோனவர்களைக் கண்ட ஜெர்மன் டாக்டர் மேயர்-ஷ்விக்கராத், வேண்டுமென்றே சூரிய ஒளியைக் கண்ணாடி வைத்துத் திருப்பிச் சுட்டுப் பார்த்தார். அப்புறம் ஸெனான் விளக்கு, அப்புறம் லேசர். இப்படிச் சுட்டால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று அமெரிக்கப் பெரும் ஆய்வு ஒன்று 1976இல் சொன்னது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே வருடம்தான்.

இப்போது வி.இ.ஜி.எஃப்பை நேரடியாக அடக்கும் ஊசி இருக்கிறது, நல்ல மருந்துதான், ஆனால் வேகம் தீரத் தீரத் திரும்பப் போட வேண்டும். நடவு, அறுப்பு என்று தேதி தவறவிடுகிற ஆளுக்கு, ஒருமுறை போட்டால் நிலைத்து நிற்கிற தரிசே மேல் என்பது என் எண்ணம். போன பார்வையை லேசர் திருப்பித் தராது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிட்டால் மிச்சக் கிணறும் தூர்ந்துவிடும்.

பெரியப்பாவுக்கு மூன்று தவணையாக வைத்தார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்து, கண்மேல் லென்ஸை ஒட்டி, பச்சைப் பச்சையாக மின்னல். ஓரத்துக்குப் போகப் போகச் சுருக்கென்று வலித்ததாம். தரிசு போட்டதற்கு விலையும் உண்டு: செத்தவை இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்கள்தானே, பக்கப் பார்வையும் ராத்திரிப் பார்வையும் கொஞ்சம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நிலா வெளிச்சத்திலேயே வரப்பில் நடந்துபோய் மடை திருப்பிவிட்டு வருவார். இப்போது மறக்காமல் டார்ச் லைட் எடுத்துக்கொள்கிறார்.