வீட்டுத் தோட்டத்துக்குள் வயல் மருந்து எதற்கு?

ஆடி பிறந்ததும் கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடிகளிலும் கொல்லைப்புறங்களிலும் விதைப்பு தொடங்கிவிடுகிறது. புரட்டாசி முடிவதற்குள் அந்த வீடுகளிலிருந்து செடியையோ செடியின் படத்தையோ கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?" சிலர் கேட்கவும் வருவதில்லை, உரக்கடையில் கொடுத்ததை வாங்கி அடித்துவிட்டு, இலை கருகிய பிறகு வருகிறார்கள். பயிர்ப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் எனக்கு இப்பகுதி வீட்டுத் தோட்டங்களில் தென்படும் கோளாறுகளில் பெரும்பகுதி தண்ணீராலும் பருவத்தாலும் வருபவை. பூச்சியால் வருபவற்றிலும் பலவற்றைக் கையாலேயே தீர்த்துவிடலாம். ஆகவே வயலுக்கென்று தயாரிக்கப்பட்ட நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய தேவை அநேகமாக எழுவதில்லை என்பதே என் கருத்து.

முதல் காரணம் மிக எளிமையானது. வெண்டை விதைத்து ஏறக்குறைய 45 நாட்களில் காய்க்கத் தொடங்குகிறது; அதன்பின் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நாராகிவிடும். பூச்சிமருந்தின் லேபிளிலோ, கடைசியாகத் தெளித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய காத்திருப்புக் காலம் என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அது மருந்துக்கும் பயிருக்கும் ஏற்றபடி மூன்று நாளாகவும் இருக்கலாம், சிலவற்றில் மூன்று வாரமாகவும் இருக்கலாம். நான்கு தொட்டி வெண்டையை நம்பிச் சாம்பார் வைக்கிற வீட்டில் அந்த இடைவெளியை யாரும் கடைப்பிடிப்பதில்லை. காலையில் தெளித்த செடியில் மறுநாள் மாலையே காய் பறிக்கப்படுகிறது. "நன்றாகக் கழுவித்தான் சமைக்கிறோம்" என்கிறார்கள். ஊடுருவிப் பாயும் வகை மருந்து செடியின் சாற்றோடு கலந்து காயின் உள்ளே சென்றுவிடுவதால் கழுவினால் அது போகாது. அளவும் இன்னொரு சிக்கல். லிட்டருக்கு 2 மில்லி என்று எழுதியிருப்பதை வீட்டில் பாட்டில் மூடியால் அளக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. மேலுக்கு "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று இன்னொரு சொட்டும் சேர்கிறது.

இரண்டாவது காரணம் வீட்டில் இருப்பவர்கள். பூச்சிமருந்து டப்பாவில் சாய்ந்து நிற்கும் சதுரத்தின் கீழ்ப்பாதி முக்கோணம் என்ன நிறம் என்று வாங்கும்போதே பாருங்கள். சிவப்பு அதிகொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நச்சுத்தன்மை என்பது சட்டப்படியான குறியீடு. சிவப்பு முக்கோண வகையைச் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்துவது 2005 முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் வயலுக்கு வாங்கியதில் மீந்ததை உறவினர்கள் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பதும், அது குளிர்பான பாட்டிலில் அடைபட்டுச் சமையலறைப் பரணில் உட்கார்ந்திருப்பதும் நான் பலமுறை கண்ட காட்சி. லேபிள் இல்லாத மருந்து வீட்டில் இருக்கவே கூடாது. குழந்தை தொட்டாலும் குடித்தாலும் மருத்துவர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.

அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழைத்து, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஒழுகுதல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சின் அடையாளங்கள். இவற்றைக் கண்டபின் மோர் கொடுத்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ஆடிப்பட்டத்தில் விதைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பு நிறத்திலோ வேறு அடர்நிறத்திலோ இருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி கலந்த விதை. விதைத்ததும் கையைக் கழுவ வேண்டும். மீந்ததைக் கோழிக்குப் போடக் கூடாது. நம் பக்கத்தில் வேப்பம்பழம் உதிர்வதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான் என்பதால், கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் பருவம் முழுவதற்கும் கைமருந்து ஆயிற்று. 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளித்தால் சாறு உறிஞ்சும் பூச்சிகளும் சிறு புழுக்களும் கட்டுப்படும். வெயிலில் தெளித்தால் வேம்பின் வீரியம் குறைந்துவிடும், இலையும் கருகக்கூடும்.

தென்னை நிழலில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கொண்டுவரும் புகார் இலை மேல் படியும் கருப்பு. கத்தரி, கறிவேப்பிலை, கொய்யா என்று எல்லா இலையிலும் அடுப்புக்கரி பூசியதுபோல் படிந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். கருப்பு துணியோடு வந்துவிடும், அடியில் பச்சை இலை பழுதில்லாமல் இருக்கும். இது அந்தச் செடிகளின் நோயே அன்று. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலில் கண்டறியப்பட்டுப் பின்னர் பரவிய சுருள் வெள்ளை ஈ மேலே தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் இருந்துகொண்டு தேன் போன்ற கழிவைச் சொட்டுகிறது. கீழே விழுந்த அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் வளர்கிறது. கீழே இருக்கும் கத்தரிக்கு எத்தனை மருந்து அடித்தாலும் பயனில்லை. மைதாவை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், அது வெயிலில் காய்ந்து உரியும்போது கருப்பும் சேர்ந்து உதிரும். ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைத் தென்னையில் கட்டுவது வெள்ளை ஈயைக் குறைக்கும்.

கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் காலை வெயிலிலேயே தலை சாய்ந்து, மற்ற இலைகள் விறைப்பாக இருந்தால், அது தண்ணீர்ப் பற்றாக்குறை அன்று. தண்டுக்குள் புழு இருக்கிறது. சாய்ந்த இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி, தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே எச்சத்தோடு இளஞ்சிவப்பு நிறப் புழு நெளிவதைக் காணலாம். தண்டுக்குள் ஒளிந்திருக்கும் புழுவை மேலே அடிக்கும் மருந்து எட்டுவது அரிது. அதனால்தான் வயலில்கூட மீண்டும் மீண்டும் தெளித்தும் சொத்தைக்காய் குறைவதில்லை. பத்துச் செடி வைத்திருப்பவருக்கு வாரம் இருமுறை இப்படிக் கிள்ளுவது ஐந்து நிமிட வேலை. கிள்ளியதைச் செடியடியில் போட்டால் புழு அங்கேயே சருகுக்குள் கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாக எழுந்துவரும். சோப்புத் தண்ணீரில் போட்டு அழியுங்கள். ஓட்டை விழுந்த காயையும் செடியில் விட்டுவைக்கக் கூடாது. வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி இலை வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதற்கு மருந்தே கிடையாது; அந்தச் செடியைப் பிடுங்கினால் அடுத்த செடி பிழைக்கும்.

புடல், பாகல், பீர்க்கு பழுக்கும் முன்பே வெம்பி, உள்ளே புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. கடலூர்க்காரர்களுக்குக் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால், ஓரங்களில் சிறு துளையிட்ட பழைய பாட்டிலில் நனைத்த கருவாட்டுத் துண்டுகளையும் சிறிது சோப்புத் தண்ணீரையும் இட்டுப் பந்தலில் கட்டலாம். நாற்றத்துக்கு ஈ தேடிவந்து விழும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் இந்தக் கடற்கரையில் வீட்டுத் தோட்டத்தின் உண்மையான சோதனை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது, அதுவும் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்துக்குள் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட ஊரில் பாத்தியை ஒரு அடி உயர்த்தி அமைப்பதும், தொட்டியின் வடிகால் துளையில் வேர் அடைத்திருக்கிறதா என்று புரட்டாசியிலேயே குச்சியால் குத்திப் பார்ப்பதும் உரம் இடுவதைவிட முக்கியமானவை. புயல் அறிவிப்பு வந்தால் கைப்பிடிச் சுவர்மேல் இருக்கும் தொட்டிகளையும் பைகளையும் முதலில் கீழே இறக்குங்கள். அது செடிக்காக மட்டுமன்று, தெருவில் நடப்பவரின் தலைக்காகவும்தான்.

மழைவிட்ட மறுநாள் ஈர மண்ணில் நின்றுகொண்டே மிளகாயும் தக்காளியும் வாடுவதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாததால் வேர் மூச்சுமுட்டி, தண்ணீரை உறிஞ்சும் வலிமையை இழக்கிறது. அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவதும் மருந்து அடிப்பதும் செடியை முடித்துவிடும். நீரை வடித்து, மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட்டு, புதுத் தளிர் விடும்வரை எந்த உரமும் இடாமல் இருங்கள். தளிர் வந்தபின் பழைய இலை வெளிறி மஞ்சளாக இருந்தால், மழையில் தழைச்சத்து கரைந்து போயிருக்கிறது என்று பொருள். மட்கிய தொழு உரம் ஒரு கை போதும். பப்பாளியை நீர் தேங்கும் இடத்தில் வைக்கவே வேண்டாம், இரண்டு நாள் தேக்கத்தையே அது தாங்காது.

வெள்ளநீர் புகுந்த தோட்டத்தில் இன்னும் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது. சாக்கடை கலந்த நீரில் மூழ்கிய கீரையைக் கழுவிச் சமைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதையுங்கள். சேற்றில் வெறுங்காலுடன் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்புண்டு, காலில் புண் இருந்தால் கட்டாயம் ரப்பர் பூட்ஸ் வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் நல்ல தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மிகப் பிடித்தமான இடம். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் தென்படும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கையுறை அணிந்தே பொறுக்குங்கள். அதன் உடலில் மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். விளையாட்டுக்குக்கூடப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள்.

தைப்பட்டம் எளிதான காலம். அவரையிலும் காராமணியிலும் அசுவினி எனும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி அப்பியிருப்பதைப் பார்த்துப் பதறுபவர்கள், அதே கொடியில் கருப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலையைச் சிறிதாக்கியது போன்ற ஒரு புழு ஊர்வதையும் பார்த்து அதையே முதலில் நசுக்கிவிடுகிறார்கள். அது பொறிவண்டின் புழு; அசுவினியைத் தின்பதற்கே அங்கு வந்திருக்கிறது. 2008 வாக்கில் கோயம்புத்தூரில் தோன்றித் தமிழகமெங்கும் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடிய மாவுப்பூச்சியை அடக்கியது, மருந்துகள் பலவும் தோற்ற பிறகு 2010-இல் வரவழைத்து விடப்பட்ட அசிரோபேகஸ் என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான். அதன் வழித்தோன்றல்கள் இன்று நம் கொல்லைப்புறத்திலும் இருக்கக்கூடும். செவ்வந்தி, துளசி, ஓரிரு சூரியகாந்தி பூத்திருந்தால் இத்தகைய குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். மருந்து அடித்த தோட்டத்தில் முதலில் செத்து விழுவதும் இவைதாம்.

பங்குனிக்குப்பின் தேவனாம்பட்டினம், முதுநகர், புதுவைக் கடற்கரையோரக் குடியிருப்புகளில் இலை ஓரம் மட்டும் கருகுவது பரவலாகத் தெரியும். மண் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சந்தேகியுங்கள். நோய் என்று நினைத்துப் பூஞ்சாண மருந்து அடிப்பது இங்கும் வீண். பீன்ஸ், கேரட் போன்றவை உப்பைச் சிறிதும் தாங்காது. மழைநீர் சேமித்திருந்தால் அவற்றுக்கு அதைத் தாருங்கள், இல்லையேல் கொத்தவரையும் கீரையும் போதும். மாடியில் உச்சி வெயிலில் தக்காளி பூ உதிர்ப்பது பருவத்தின் இயல்பு. நிழல்வலை கட்டினால் செடி பிழைக்கும், காய்ப்பு ஆவணி வரை காத்திருக்கட்டும்.

சந்தேகம் என்றால் கடைக்காரரைக் கேட்பதற்கு முன், கடலூர் அருகே பாலூரில் இருக்கும் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தையோ, விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையோ அணுகலாம். போகும்போது ஒரு இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். வேரும் மண்ணுமாக ஒரு செடி, இலையின் அடிப்பக்கத்தைத் தெளிவாகக் காட்டும் படம், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கடைசியாக என்ன உரமோ மருந்தோ எப்போது இட்டீர்கள் என்ற குறிப்பு, இவ்வளவும் இருந்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். வாடிய செடியாக இருந்தால் ஈரத்துணியில் சுற்றி, காலையிலேயே கொண்டு செல்லுங்கள். மதியம் ஆகிவிட்டால் எந்த வாட்டம் நோயினுடையது, எந்த வாட்டம் வெயிலினுடையது என்று பிரித்தறிவது கடினம்.