விழுமியக் குறிகாட்டி

5ஜிக்கு அடுத்த தலைமுறைக் கைபேசி வலையமைப்பான 6ஜி பற்றி வாசிக்கும் எவருக்கும் 'கேவிஐ' என்ற சுருக்கம் கண்ணில் படும். விரித்தால் கீ வேல்யூ இண்டிகேட்டர். ஒரு கம்பியில்லா வலையமைப்பு மக்களுக்கு என்ன நன்மை செய்கிறது, அந்த நன்மை யார் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க உதவும் அளவை இது. தமிழில் முதன்மை விழுமியக் குறிகாட்டி எனலாம்.

இதற்கு மூத்தது கேபிஐ, அதாவது கீ பெர்ஃபோமன்ஸ் இண்டிகேட்டர். இலங்கையில் எங்கள் அரச அலுவலக அறிக்கைகளில் 'பிரதான செயலாற்றுகைக் குறிகாட்டி' என்று வருவது அதுதான். 5ஜிக்கு வகுத்த பெரிய இலக்குகள் அந்த வகையைச் சேர்ந்தவை: விநாடிக்கு 20 கிகாபிட் உச்ச வேகம், 1 மில்லிவிநாடித் தாமதம், ஒரு சதுர கிலோமீற்றரில் 10 இலட்சம் கருவிகள். அவற்றை எட்டினாலும், திருகோணமலை மாவட்டத்து வெருகலில் இருப்பவருக்குக் கவரேஜ் இருக்கிறதா என்பது தெரியாது. 2021இல் தொடங்கிய ஹெக்ஸா-எக்ஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் நிலைபேறு, நம்பகத்தன்மை, எல்லோரையும் உள்வாங்குதல் ஆகிய மூன்றையும் 6ஜியின் விழுமியங்களாக முன்வைத்து, கேபிஐயோடு கேவிஐயும் வேண்டும் என்றது. 2023 நவம்பரில் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட 6ஜி சட்டகத்திலும் இணைப்பில்லாதோரை இணைப்பது பொது நோக்கங்களில் ஒன்றாக இருக்கிறது.

வேல்யூ என்பதன் வேர், வலிமையாயிருத்தல், தகுதியாயிருத்தல் என்ற பொருள்களுடைய 'வலேரே' என்ற இலத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, விலையையும் அறத்தையும் ஒருசேரச் சுமக்கிறது. தமிழில் அப்படி ஒன்றாகப் போட முடியாது. இலங்கையில் 'பெறுமதி' என்றால் பெறுமதி சேர் வரிதான் நினைவுக்கு வரும். கணக்கிலே வருவது பெறுமானம். 'மதிப்பு' என்றாலும் காசு பக்கமே சாய்கிறது. பாடசாலையில் விழுமியக் கல்வி என்று சொல்லிப் பழகிய 'விழுமியம்' ஒன்றே அறத்தின் பக்கம் நிற்கிறது.

விழுமியம் இக்காலக் கலைச்சொல். வேர் மிகப் பழையது. 'விழு' என்றால் சிறந்த. போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண் விழுப்புண். ஒழுக்கம் விழுப்பம் தரும் என்கிறது குறள். ஆனால் திருக்குறளிலேயே இன்னோர் இடத்தில் 'விழுமம் துடைத்தவர் நட்பு' என்று வரும்போது விழுமம் என்பது துன்பம். விழுமத்துக்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருளையும் தொல்காப்பியமே தருகிறது. சிறப்பும் துன்பமும் ஒரே சொல்லில் இருப்பது இந்தக் கலைச்சொல்லுக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு வலையமைப்பின் சிறப்பை, அது யாருடைய துன்பத்தைத் துடைத்தது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அந்தக் கேள்வி தொழில்நுட்பத்தையே மாற்றும். உயர் அதிர்வெண் அலையில் நிறையத் தரவு போகும், ஆனால் தூரம் எட்டாது, சுவரும் மரமும் தடுக்கும். 700 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையில் வேகம் குறைவு, எட்டும் பரப்புப் பெரிது. உச்ச வேகமே குறி என்றால் நகர வீதிகளில் முதலாவதைப் போடுவார்கள். எட்டுவதே குறி என்றால் குச்சவெளிக்கும் மூதூரின் உட்கிராமங்களுக்கும் இரண்டாவது போகும், ஆழ்கடலில் நிற்கும் பலநாள் படகுக்குச் செய்மதி இணைப்பும் திட்டத்துக்குள் வரும். காற்று மழையில் மின்சாரம் போனால் கோபுரம் எத்தனை மணி நேரம் மின்கலத்தில் தாங்க வேண்டும் என்பதும் அப்போது வடிவமைப்புக்குள் வந்துவிடும்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது இன்னொன்று. 6ஜிக்கு வகுத்த ஆறு பயன்பாடுகளில் ஒன்று, உணர்தலும் தொடர்பாடலும் சேர்ந்த முறை. கோபுரம் விடும் அலை ஆளிலும் வாகனத்திலும் பட்டுத் திரும்பும். எது எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது என்பதை வலையமைப்பே கணிக்கும். கையில் போன் இல்லாதவரும் அதற்குத் தெரிவார். செயலாற்றுகைக் குறிகாட்டி, எவ்வளவு துல்லியம் என்று கேட்கும். விழுமியக் குறிகாட்டி கேட்க வேண்டியவை வேறு: யார் சம்மதித்தார், தகவலை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? பஸ்ஸை விட்டு இறங்கி, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகிறாய் என்றதற்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். இந்தக் கேள்விகளைக் கேட்க அவர்களை விடத் தகுதியானவர்கள் இல்லை.

'இண்டிகேட்டர்' இங்கே சுட்டியும் அல்ல, சுட்டெண்ணும் அல்ல. சுட்டெண் பல அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்குவது. சம்மதத்தையும் நம்பிக்கையையும் அப்படி ஓர் எண்ணில் அடக்கிவிட முடியாது என்பதால் குறிகாட்டியே பொருத்தம். 'கீ' என்பதற்குப் பிரதான என்று எழுதுவதும் பிழையில்லை. எனக்கு முதன்மை பிடிக்கும். பேச்சில் விழுமியக் குறிகாட்டி என்றாலே போதும். அலைவரிசை ஏலம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டால், "இதற்கு நீங்கள் வைத்திருக்கும் விழுமியக் குறிகாட்டிகள் எவை?" என்று தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.