'அம்மா' என்று எழுதினால் மெயிலில் என்ன போகிறது?

உங்களுக்குத் தமிழில் வந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்து, அதன் மூல வடிவத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான மெயில் சேவைகளில் இதற்கு வசதி உண்டு. பல நேரம் அங்கே ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் இடைவெளியே இல்லாமல் வரிவரியாக நிற்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், '4கே6' (4, ஆங்கில எழுத்து 'கே', 6) என்ற மூன்று குறிகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அந்த '4கே6' தான் நம் தமிழ். அது ஏன் அப்படி வேஷம் கட்டிக்கொண்டு போகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை.

மின்னஞ்சல் பிறந்தது அமெரிக்க ஆராய்ச்சிக்கூடங்களில். 1971இல் ரே டாம்லின்சன், பெயருக்கும் கணினிக்கும் நடுவில் '@' குறியைப் போட்டு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். அப்புறம் ஆளுக்கொரு விதமாகத் தலைப்பு வரிகளை எழுதிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1982 ஆகஸ்டில் இரண்டு ஆவணங்கள் வந்து அதை ஒழுங்குபடுத்தின. கடிதத்தை எப்படி ஒப்படைப்பது என்று ஜான் போஸ்டல் எழுதினார், அதுதான் எஸ்எம்டிபி. கடிதம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று டேவிட் க்ராக்கர் எழுதினார். இன்றைய மின்னஞ்சல் நிற்பது இந்த இரண்டின் மேல்தான்.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் 7 பிட்டுக்குள், அதாவது பூஜ்ஜியமோ ஒன்றோ ஆன ஏழு இலக்கங்களுக்குள், அடங்க வேண்டும். 7 பிட்டில் மொத்தம் 128 இடங்கள். கட்டளைக் குறிகள் போக, அச்சில் தெரிபவை 95. ஆங்கிலத்துக்கு அது தாராளம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதில் எட்டாவது பிட் ஒன்று உண்டே என்றால், அது எப்போதும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும் என்பது விதி. வழியில் கடிதத்தைக் கைமாற்றிய சில சர்வர்கள் அதைத் தாங்களே பூஜ்ஜியமாக்கியும் விட்டன.

எட்டாவது பிட்டை நம்பியிருந்த மொழிகளுக்கு இது பெரிய அடி. ரஷ்யர்கள் தங்கள் எழுத்துகளுக்கு எண் கொடுத்த 'கோய்-8' குறியீட்டில் இதற்கென்றே ஒரு வழி செய்திருந்தார்கள். எட்டாவது பிட் பறிபோனாலும், ரஷ்ய எழுத்து தன் ஒலிக்கு நெருக்கமான ஆங்கில எழுத்தாக மாறி நிற்கும்படி வரிசையை அமைத்தார்கள். கடிதம் சிதைந்தாலும் வாசித்துவிடலாம். நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய திஸ்கி குறியீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதில் ஆங்கிலம் கீழ்ப்பாதி 128 இடங்களிலும், தமிழ் மேல்பாதியிலும் இருந்தது. எட்டாவது பிட் போனால் தமிழ் போனதுதான்.

சரி, இதற்கு என்ன வழி? உலகத்தில் உள்ள எல்லா சர்வரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. நேத்தனியல் பொரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இரு கணினி வல்லுநர்கள் கண்ட வழி, சர்வர்களைத் தொடாமலே விடுவது. கடிதத்தை அனுப்புமுன் பழைய சர்வருக்குப் பழக்கமான 7 பிட் எழுத்துகளாக மாற்றிவிடு. மேலே ஒரு சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது, எப்படிப் பிரிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டு. நடுவில் இருக்கும் சர்வருக்கு அது வழக்கமான ஆங்கிலக் கடிதம் போலவே தெரியும். இதுதான் மைம். 1992 ஜூனில் வெளியானது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில், பொரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய ஒலிப்பதிவையும் இந்த முறையில் இணைத்து அனுப்பிக் காட்டினார். இன்று நாம் அனுப்பும் ஒவ்வோர் இணைப்பும் அதே வழியில்தான் போகிறது.

இப்போது 'அம்மா'வை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'அ'வின் எண் 2949. அந்த எண்ணைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் 224, 174, 133 என்று மூன்று பைட். மூன்றையும் வரிசையாக வைத்தால் 24 பிட்:

11100000 10101110 10000101

எட்டெட்டாக இருப்பதை ஆறாறாக வெட்டுங்கள்:

111000 001010 111010 000101

இவை 56, 10, 58, 5. ஆறு பிட்டுக்கு 64 மதிப்புகள் என்பதால் 64 குறிகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. முதலில் 26 பெரிய எழுத்து, பிறகு 26 சின்ன எழுத்து, பத்து எண்கள், கடைசியில் கூட்டல் குறியும் சாய்கோடும். அதில் பார்த்தால் 56 என்பது '4', 10 என்பது 'கே', 58 என்பது '6', 5 என்பது 'எஃப்'. ஆக 'அ' என்பது 4கே6எஃப். இந்த முறைக்குப் பெயர் பேஸ்64.

கணினி எண்ணும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சரியாக மூன்று பைட் ஆவதால், சொல்லின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அப்படி ஓர் எழுத்துக்கு நான்கு குறி என்று கச்சிதமாக விழுகிறது. உயிரும் மெய்யும் காலும் '4கே6' என்று தொடங்கும். புள்ளி '4கே+' என்று தொடங்கும். 'அம்மா'வுக்கு மொத்தம் 20 குறி. அடுத்த சொல்லுக்கு முன் ஓர் இடைவெளி விட்டால், அது ஒரே பைட் என்பதால் வெட்டும் இடம் நகர்ந்து வேறு வடிவம் வரும். இதற்குக் கொடுக்கும் விலை, அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவது. 20 எம்பி கோப்பை இணைத்தால் கிட்டத்தட்ட 27 எம்பி பயணம் செய்கிறது.

மேலே ஒட்டிய சீட்டு தவறினால் என்ன ஆகும் என்று நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். யுடிஎஃப்-8 கடிதத்தை மேற்கத்தியக் குறியீடு என்று நினைத்துத் திறந்தால், 'அ'வின் மூன்று பைட்டும் மூன்று தனிக் குறிகளாகத் தெரியும்: தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு மூன்று புள்ளி. பக்கம் முழுக்க வட்டத்துக்குள் 'ஆர்' தெரிந்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். சரியான குறியீட்டைச் சொல்லித் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாக இருந்தால்தான் கவலை. வழியில் யாரோ தமிழுக்கு இடமே இல்லாத குறியீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அது திரும்பாது. பழைய கடிதங்கள் சிலவற்றை நான் இப்படி இழந்திருக்கிறேன். இன்றும் அந்த வரிகளைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

இதில் நான் வியக்கும் இடம் ஒன்று. மைம் 1992 ஜூனில் வந்தது. யுடிஎஃப்-8 அதே ஆண்டு செப்டம்பரில்தான் கென் தாம்சன், ராப் பைக் கையில் உருவானது. தனக்கு முன்னால் இல்லாத ஒரு குறியீட்டுக்கும் சீட்டில் இடம் விட்டு வைத்திருந்தது மைம். பழையதை உடைக்காமல், இனி வரப்போவதையும் தடுக்காமல் எழுதுவதுதான் தரநிலை எழுதுபவர்களின் உண்மையான திறமை என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டே எஸ்எம்டிபிக்கும் அதே மாதிரி ஒரு கதவு வைத்தார்கள். அதுவரை ஒரு சர்வர் இன்னொன்றிடம் 'ஹலோ' சொல்லிப் பேச்சைத் தொடங்கும். 1993இல் 'எஹ்லோ' என்ற புதிய வணக்கம் வந்தது. அதற்குப் புது சர்வர் தனக்குத் தெரிந்த கூடுதல் வசதிகளை வரிசையாகச் சொல்லும். பழைய சர்வர் 'புரியவில்லை' என்று சொல்லும். உடனே பழைய 'ஹலோ'வுக்குத் திரும்பிவிடலாம். எட்டு பிட் கடிதத்தை அப்படியே வாங்குவேன் என்று சொல்லவும் இந்த வழியில் வசதி வந்தது.

உடல் தமிழானது, தலைப்பும் தமிழானது. முகவரிதான் கடைசிவரை ஆங்கிலத்திலேயே நின்றது. '@'க்கு வலப்பக்கம் பெரிய சிக்கல் இல்லை: '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' போன்ற தமிழ்ப் பெயர்கள் உள்ளுக்குள் ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டு வேலை செய்கின்றன. இடப்பக்கம் அப்படி மாற்ற முடியாது. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று முடிவு செய்யும் உரிமை, கடிதம் போய்ச் சேரும் சர்வருக்கு மட்டும்தான். நடுவில் இருக்கும் யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்பது எஸ்எம்டிபியின் விதி. அதனால் இங்கே வேஷம் கட்ட வழியில்லை. பெயர் தமிழாகவே போக வேண்டும்.

அதற்கான தரநிலை 2012இல் வந்தது. 2014இல் ஜிமெயில் இத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறத் தொடங்கியது. இதுவும் அந்த 'எஹ்லோ' கதவு வழியாகத்தான் நடக்கிறது. எதிர்ப்பக்கம் சொல்லும் வசதிப் பட்டியலில் 'எஸ்எம்டிபி யுடிஎஃப்8' என்ற ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லையென்றால், தமிழ் முகவரி போட்ட கடிதம் அந்த வாசலைத் தாண்டாமல் அனுப்பியவருக்கே திரும்பி வந்துவிடும்.