கால் சென்டர் ஷிஃப்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது

சென்னையில் கால் சென்டரில் வேலை பார்ப்பவரிடம் உங்களுக்கு எந்தச் சட்டம் என்று கேட்டால், "சட்டம் ஏதுங்க, கம்பெனி பாலிசிதான்" என்பார். ஆனால் சட்டம் 1947-லிருந்தே இருக்கிறது: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். கணக்குப் புத்தகமும் கல்லாப்பெட்டியும் இருந்த காலத்தில் எழுதியதுதான். இருந்தாலும் ஹெட்செட் மாட்டி உட்காரும் அலுவலகமும் அதில் 'வணிக நிறுவனம்' என்ற வகைக்குள் வந்துவிடுகிறது.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். ஆனால் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். மணிக்கு 90 ரூபாய் என்றால் ஓவர்டைமுக்கு 180. இரவு ஷிஃப்டுக்குத் தரும் அலவன்ஸ் வேறு, இது வேறு. அதைக் காட்டி இதை மறுக்க முடியாது.

சிக்கலே 'லாகின் ஹவர்ஸ்', அதாவது சிஸ்டத்தில் உள்நுழைந்திருக்கும் நேரக் கணக்கில்தான். சிஸ்டம் திறக்க இருபது நிமிடம் முன்னால் வரச் சொல்வார்கள், ஷிஃப்ட் முடிந்ததும் டீம் மீட்டிங் வைப்பார்கள். இரண்டும் லாகினில் ஏறாது. வரச் சொன்னதும் இருக்கச் சொன்னதும் நிறுவனம் என்றால் அதுவும் வேலை நேரம்தான் என்பது என் கருத்து.

பிரேக் விஷயத்தில் சட்டம் நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்க வேண்டுமானால் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்காக 'கஸ்டமர் சப்போர்ட் எக்ஸிகியூட்டிவ்' என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் யாரும் நிர்வாகி ஆகிவிட மாட்டார். என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கணக்கு.

விடுப்பு: ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு. ஓராண்டு முடிந்தபின் 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் சேரும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 24 மணி நேரமும் இயங்க அரசு 2019-இல் அனுமதி தந்தபோது நிபந்தனைகளும் போட்டது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், வண்டி வசதியும் தர வேண்டும். கம்பெனி அனுப்பும் கேபும் பணியிடம்தான் என்கிறது 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். அங்கே நடந்ததையும் மூன்று மாதத்துக்குள் இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்திலேயே உள்ள உள்ளகக் குழுவிடம் புகாராகத் தரலாம்.

அப்புறம், வேலைநீக்கம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமில்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமல் அனுப்ப முடியாது (41-ஆம் பிரிவு). ஒழுங்கீனம் என்று சொல்லி அனுப்புவதானால் விசாரணை நடந்திருக்க வேண்டும். எப்படி அனுப்பினாலும் மேல்முறையீடு உண்டு.

பல இடங்களில் ஃப்ளோருக்குள் போனையும் பேனாவையும் விடமாட்டார்கள். அதனால் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் கேபில் ஏறியதும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்டர் மெயில், சம்பளச் சீட்டு, இந்தக் குறிப்பு மூன்றும் கையில் இருந்தால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் வெறுங்கையோடு போக வேண்டியிருக்காது.