எட்டாவது சர்வர்

2012 ஆகஸ்ட் 1, காலை 9.30. நியூயார்க் பங்குச் சந்தை திறந்தது. அடுத்த 45 நிமிடங்களில் நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. யாரும் திருடவில்லை. ஒரு மென்பொருள் மேம்படுத்தல் அரைகுறையாக நின்றிருந்தது, அவ்வளவுதான்.

ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் சர்வர்கள் எட்டு. புதிய நிரல் ஏழில் ஏறியது. எட்டாவதில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். புதிய வசதியை இயக்க ஆர்டரோடு ஒரு குறி போகும். அதைப் புதிதாக உருவாக்காமல், 2003-லேயே கைவிடப்பட்ட 'பவர் பெக்' என்ற வசதியின் குறியையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பவர் பெக்கின் நிரலோ எட்டாவது சர்வரில் அழிக்கப்படாமல் கிடந்தது. கேட்ட அளவு வாங்கியாயிற்றா என்று பார்த்து நிறுத்தும் பகுதியை 2005-ல் வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால், விழித்துக்கொண்ட பழைய நிரலுக்கு நிறுத்தத் தெரியவில்லை. வெறும் 212 ஆர்டர்கள் சுமார் 40 லட்சம் பரிவர்த்தனைகளாகப் பெருகின.

என்னை அதிகம் உலுக்குவது அதன்பின் நடந்ததுதான். கோளாறு புதிய நிரலில் என்று நினைத்து, ஒழுங்காக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். புதியது போனதும் பழைய நிரல் மீண்டும் வேலைக்கு வந்து, அந்த ஏழிலும் பவர் பெக் எழுந்தது.

பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் தனித்தனியே சோதிக்கிறோம். இரண்டும் அருகருகே ஓடும் இடைநேரத்தைப் பெரும்பாலும் சோதிப்பதில்லை. ஆயிரம் சர்வர்கள் ஒரே நொடியில் மாறிவிடாது என்பதால், அந்த இடைநேரம் எப்போதும் உண்டு. சேர்ந்து இயங்கும் பத்து மென்பொருள் சேவைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பதிப்புகள் என்றால் 59,049 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆபத்தான சேர்க்கைகளை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் ஆய்வாளர்கள் முன்னுள்ள கடினமான கேள்வி.

பழைய பதிப்புக்குப் பின்வாங்குவதும் எளிதல்ல. பல ஆண்ட்ராய்டு போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. புதியது காலியான இடத்தில் ஏறும். அது துவங்காவிட்டால் போன் பழையதற்குத் திரும்பும். அருமையான ஏற்பாடு. ஆனால் நம் படங்களும் செய்திகளும் இருக்கும் இடம் ஒன்றுதான். புதிய பதிப்பு அவற்றைப் புது வடிவில் எழுதிவிட்டால் பழையதால் படிக்க முடியாமல் போகலாம்.

அதனால் அனுபவமுள்ள குழுக்கள் இரண்டு தவணையாக மாற்றுவார்கள். முதல் தவணையில் இரு வடிவங்களையும் படிக்கத் தெரிந்த, ஆனால் பழைய வடிவிலேயே எழுதும் பதிப்பு. அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்தபிறகே, புது வடிவில் எழுதும் பதிப்பு. நைட் கேப்பிட்டலில் அந்த உறுதி செய்யும் வேலையை எட்டாவது சர்வருக்கு யாரும் செய்யவில்லை.