ட்யூப் கவுந்தா கையை விடுங்க, தயவுசெஞ்சு

மறுபடியும் ஒரு விரல். போட்டுக்குப் பின்னாடி கயிறு கட்டி இழுத்துட்டுப் போற காத்தடைச்ச ட்யூப்ல ஏறின பையன், விழுந்துடக் கூடாதேன்னு கைப்பிடிப் பட்டையை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தி மிச்சத்தை விரலுக்கு இடையில நுழைச்சு வச்சிருக்கான். ட்யூப் கவுந்துச்சு, ஆள் தண்ணிக்குள்ள, கை மட்டும் ட்யூப்கூட. மோதிர விரல்ல எலும்பு அப்படியே இருக்கு, தோல் மட்டும் க்ளவுஸ் கழட்டின மாதிரி முழுசா உரிஞ்சு வந்துடுச்சு. "என்ன ஆனாலும் பிடியை விட்டுடாதடான்னு நான்தான் டாக்டர் சொல்லி அனுப்பினேன்"னு அவங்க அப்பா அழறாரு. அவரைத் திட்ட மனசு வரல, ஏன்னா எல்லாரும் இதையேதான் சொல்லி அனுப்புறாங்க.

பிடியை விடாம இருக்கறது பாதுகாப்பு இல்லங்க. சும்மா விழறதைவிட, மாட்டிக்கிட்டு விழறதுதான் பெரிய ஆபத்து. கையை விட்டா நீங்க வேற, ட்யூப் வேற, லைஃப் ஜாக்கெட் தூக்கிடும், முடிஞ்சுது. கை மாட்டியிருந்தா உடம்பைத் தண்ணி பிடிச்சு நிறுத்தும், கையை எஞ்சின் இழுக்கும், நடுவுல இருக்கறது உங்க விரல், மணிக்கட்டு, தோள்பட்டை. ஜிம்முக்குப் போற உடம்பா இருந்தாலும் எஞ்சினை ஜெயிக்க முடியாது. தோள் நழுவி வர்றவங்கள்ல பாதிப் பேர் "கடைசி வரைக்கும் விடலை டாக்டர்"னு பெருமையா வேற சொல்றாங்க!

ட்யூப்ல நிலைச்சு இருக்கணும்னா நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி வச்சுக்கோங்க, போட் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் வெயிட்டைச் சாயுங்க. கைப்பிடியை விரலால மட்டும் பிடிங்க. ஒரு ஓரம் தூக்குதுன்னு தெரிஞ்ச உடனே விட்டுடுங்க. ஏறும்போதே மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க.

"தண்ணிதானே, மெத்து மெத்துன்னு இருக்கும்"னு நினைக்காதீங்க. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்னா மூணரை மீட்டர் உயரத்துலருந்து குதிக்கற வேகம். 40ன்னா ஆறு மீட்டருக்கு மேல. காதுச் சவ்வு கிழியும், கழுத்து பிசகும். இன்னொண்ணு, யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, காலை அகட்டி வேகமா விழுந்தா தண்ணி பிறப்புறுப்புலயும் ஆசனவாய்லயும் பீச்சியடிச்சு உள்ளே கிழிச்சுடும், வெறும் நீச்சல் டிரஸ் இதைத் தடுக்காது, தடிமனான வெட்சூட் (தண்ணி விளையாட்டுக்குப் போடற ரப்பர் டிரஸ்) ஷார்ட்ஸ் போடுங்க.

போட் ஓட்டுறவங்களே, உங்க கையிலதான் பாதி இருக்கு. திருப்பத்துல வெளிப்பக்கம் வீசப்படற ட்யூப் உங்க மீட்டர் காட்டறதைவிட வேகமா போகும். பெரியவங்களுக்கே 30க்கு மேல வேண்டாம், குழந்தைங்கன்னா 20ஐத் தாண்டாதீங்க. பின்னாடி பார்த்துட்டே இருக்க இன்னொருத்தர் போட்ல இருக்கணும், நீங்களே கண்ணாடியில பார்த்துக்கறேங்கற பேச்சே கூடாது. ஒரே ட்யூப்ல சின்னப் பையனையும் பெரிய ஆளையும் சேர்த்து ஏத்தாதீங்க, தலையும் தலையும் மோதி மயங்கி விழறது அப்படித்தான் நடக்குது. விழுந்தவங்களை ஏத்தும்போது நியூட்ரல் பத்தாது, எஞ்சினை ஆஃப் பண்ணுங்க.

அப்படியும் விரல் துண்டாயிட்டா, காயத்தை சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. துண்டை ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க, ஐஸ் நேரா படவே கூடாது. தோள் நழுவியிருந்தா நீங்களா இழுத்துப் போடாதீங்க, கையை உடம்போட சேர்த்துக் கட்டி அப்படியே கூட்டிட்டு வாங்க.