“சூடாத்தானே கொடுத்தாங்க?”

உணவகச் சமையலறைகளைத் தணிக்கை செய்வது என் வேலை. ஒரே கடையில் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக வயிறு கெட்டால், தவறு எங்கே நடந்தது என்று பார்க்கக் கூப்பிடுவார்கள். அண்மையில் மறுபடியும் அப்படி ஒன்று. மதிய விருந்துக்கு அண்டா நிறையக் கோழிக்குழம்பு போயிருக்கிறது. இரவு படுக்கப் போகும் நேரத்தில் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். அந்தக் கடையைப் பற்றி மக்கள் எழுதியிருந்த கருத்துகளைப் படித்துப் பார்த்தேன். “வீட்டுக் குழம்பு மாதிரியே இருக்கு”, “ஆவி பறக்கப் பரிமாறினாங்க” என்று ஒரே பாராட்டு. யாரும் பொய் சொல்லவில்லை. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆளைப் படுக்க வைத்ததும் அதே குழம்புதான்.

கடைக்காரர் சொன்னார், “முதல் நாள் வெச்சதுதான், ஆனா நல்லா கொதிக்க வெச்சுத்தானே கொடுத்தோம்?” சாப்பிட்டவர்களும் அதையே கேட்டார்கள், “சூடாத்தானே இருந்துச்சு?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் எல்லாக் கிருமியும் சாகாது. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று ஒரு பாக்டீரியா. இறைச்சியிலும் மண்ணிலும் தூசியிலும் சாதாரணமாக இருப்பது. இது ஸ்போர் என்கிற கெட்டியான கூட்டுக்குள் சுருங்கிக்கொண்டு கொதிநீரிலும் தாக்குப்பிடிக்கும். கொதி அதைக் கொல்லாததோடு, தூக்கத்திலிருந்து எழுப்பியும் விடுகிறது. கொதித்த குழம்பில் காற்றும் குறைவு. அதுவும் இந்தப் பாக்டீரியாவுக்குத் தோதுதான். அடுப்பை அணைத்த பிறகு குழம்பு மெல்ல ஆறி 43 முதல் 47 டிகிரி செல்சியஸுக்கு வரும்போது, ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். பெரிய அண்டாவில் ராத்திரி முழுக்க மூடி வைத்த குழம்பின் நடுப்பகுதி எத்தனை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மேலே மிதக்கும் எண்ணெய் வேறு சூட்டை வெளியே விடாது. காலையில் திறந்தால் வாடையும் வராது, நிறமும் மாறாது. முகர்ந்து பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்பார்கள்.

சரி, மறுபடி நன்றாகச் சூடாக்கினால்? நடுவரை 75 டிகிரி ஏறினால் இந்த ஒரு பாக்டீரியா அடங்கும். ஆனால் நான் பார்க்கும் பெரும்பாலான சமையலறைகளில் ஓரத்தில் குமிழி வந்தவுடன் கரண்டி போட்டு எடுத்துவிடுகிறார்கள். நடுவில் வெதுவெதுப்புதான்.

அதைவிட மோசமானவை முன்கூட்டியே நஞ்சைச் சுரந்து வைத்துவிடும் வகைகள். வெளியில் வைத்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் அப்படிப்பட்டது. அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. எந்த அடுப்பு அதை என்ன செய்துவிடும்? சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் விடும் நஞ்சும் சாதாரணக் கொதிக்கு மசியாது. பாக்டீரியா செத்த பிறகும் நஞ்சு குழம்பிலேயே இருக்கும். சூடு, காரம், கூட்டம், மணம் எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது.

“மஞ்சளும் மிளகும் போட்டிருக்கோமே, கிருமி எப்படி வரும்?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று. குழம்பில் சேரும் அளவு மசாலா எந்தக் கிருமியையும் நம்பகமாகத் தடுக்காது. உலர்ந்த மசாலாவே ஸ்போர்களைச் சுமந்து வருவதுண்டு. மிளகும் மிளகாய்த்தூளும் ஆய்வகத்துக்கு வந்தால் நாங்கள் முதலில் தேடுவதில் அதுவும் ஒன்று.

வயிறு கெட்டவுடன் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டிக் கருத்து எழுதுவதும் தவறு. வாந்தி நஞ்சு அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் காட்டும். பெர்ஃபிரிஞ்சன்ஸ் 6 முதல் 24 மணி நேரம் எடுக்கும். வயிற்றைக் கெடுக்கும் வேறு இரண்டு கிருமிகளில், நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம், சால்மோனெல்லா என்கிற பாக்டீரியா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை. நேற்று ராத்திரிச் சாப்பாட்டைக் குற்றம் சொல்லுமுன் முந்தாநாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசியுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். காரம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள், எதை அரைத்துச் சேர்த்தார்கள் என்று கேட்பதில்லை. பல உணவகங்களில் ஒரே அடிப்படை கிரேவிதான் பத்துவிதக் குழம்பாகிறது. அதில் முந்திரி இருக்கலாம், நிலக்கடலை இருக்கலாம், பால் இருக்கலாம். வழக்கமாகப் போகும் கடையிலும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். செய்முறை சொல்லாமல் மாறும். “கொஞ்சமாத்தான் இருக்கும்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அது பையில் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல.

இனி கடை நடத்துபவர்களுக்கு. மிஞ்சிய குழம்பை அண்டாவோடு விடாதீர்கள். தட்டையான ட்ரேக்களில் சில அங்குல ஆழத்துக்கு ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறுங்கள். அமெரிக்காவின் உணவு விதிமுறை சொல்லும் கணக்கு இது: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்தில். கைவைத்துப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் வாங்குங்கள். மறுபடி சூடாக்குவது ஒரே முறை. பரிமாறும் மேசையில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதே, அது சூட்டைக் காக்கத்தான், ஆறிய குழம்பைச் சூடேற்ற அல்ல. நேற்றைய குழம்பைப் புதுக் குழம்பில் கலப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாந்தியோ பேதியோ இருக்கும் சமையல்காரரை, அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்பங்கரைக்குள் விடாதீர்கள். சம்பளத்தைப் பிடிக்கவும் செய்யாதீர்கள். பிடித்தால் நோயை மறைத்துக்கொண்டு வந்து நிற்பார்.

சாப்பிடுபவர்களுக்கு: பார்சல் வாங்கினால் 2 மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லை ஃப்ரிட்ஜில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பும் அதுதான். பஃபேயில் குழம்பு வெதுவெதுப்பாக இருந்தால் தட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள், சொல்லவும் தயங்காதீர்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் உடன் வந்தால் கூடுதல் கண்டிப்பு வேண்டும்.

வயிறு கெட்டுவிட்டால் ஓஆர்எஸ் கரைசலைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அப்புறம், இணையத்தில் எழுதுமுன் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள், யாருக்கு எப்போது தொடங்கியது, யாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மிச்சக் குழம்பு இருந்தால் கொட்டிவிடாமல் மூடி, “சாப்பிடாதே” என்று எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அது இருந்தால்தான் எங்களால் பரிசோதிக்க முடியும்.